டிக்டேஷன் எந்த வருஷம் நின்றது?

கம்ப்யூட்டர் வந்தது, ஸ்டெனோ வேலை போயிற்று. டெல்லியில் கரோல்பாகிலோ ஆர்.கே.புரத்திலோ எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் இந்த ஒரு வரிதான் பதிலாக வரும். ஆனால் மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் இன்றைக்கும் ஸ்டெனோகிராபர் தேர்வை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. பத்து நிமிட டிக்டேஷன்: ஒருவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு டைப் செய்து தர வேண்டும். மேல்நிலையான கிரேடு சி-க்கு நிமிடத்துக்கு 100 சொல், கிரேடு டி-க்கு 80. வேலை போய்விட்டதென்றால் இந்தத் தேர்வு எதற்கு? தேர்வு இருக்கிறதென்றால் போனது எது? தலைநகரில் ஒரு தொழில் மாறிய கதையை ஆராயப் புகுகிறவர் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும்.

டெல்லித் தமிழர் பலரின் அடுப்பு எரிந்தது இந்தத் தொழிலால். ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் என்ற இரு நிலைத் தேர்வும் முடித்து, பிட்மன் சுருக்கெழுத்தும் கற்று, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் கோல் மார்க்கெட், லோதி காலனி, சரோஜினி நகர் என்று குவார்ட்டர்ஸ் கிடைத்த இடமெல்லாம் பரவினார்கள். ஆகவே ஆட்கள் இருக்கிறார்கள், காகிதமும் இருக்கிறது. தவறு நடப்பது இரண்டையும் சேர்க்கும் இடத்தில்.

எந்தத் தொழிலையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே நுழைய என்ன கேட்கிறார்கள், நுழைந்தவர் பகல் முழுக்க என்ன செய்கிறார், அங்கிருந்து மேலே போக ஏணி எப்படி இருக்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஸ்டெனோ விஷயத்தில் அன்றாட வேலை அடியோடு மாறிவிட்டது, ஏணி வழக்கு மேல் வழக்காகப் போட்டு மாற்றப்பட்டது, நுழைவு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ‘வேலை போயிற்று’ என்ற வரி பிறக்கிறது.

நுழைவிலிருந்து தொடங்குவது சுலபம். விதி அச்சில் இருக்கிறது. மத்திய அரசின் ஒவ்வொரு பதவிக்கும் அரசியல் சாசனத்தின் 309-வது பிரிவின்படி ரெக்ரூட்மென்ட் ரூல்ஸ், அதாவது நியமன விதிகள், வகுக்கப்பட்டு, இந்திய அரசிதழில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு 1-இல் ஜி.எஸ்.ஆர். என்ற விதி வரிசை எண்ணோடு வெளியாகும். பதவியின் பெயர், எண்ணிக்கை, சம்பளம், வயது, படிப்பு, நேரடி நியமனம் எவ்வளவு, பதவி உயர்வு எவ்வளவு என்று எல்லாம் ஒரே அட்டவணையில் வந்துவிடும். ஒரே பதவிக்கு வெவ்வேறு காலத்தில் வந்த இரண்டு அட்டவணைகளை அருகருகே வைத்து, வேறுபடும் கட்டங்களை மட்டும் சிவப்பில் குறியுங்கள். பழைய விதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைசியாக வந்த திருத்தத்தைப் பிடித்தால் போதும்; அதன் அடிக்குறிப்பிலேயே மூல விதியின் எண்ணும் இடையில் வந்த திருத்தங்களின் எண்களும் இருக்கும். கடைசியிலிருந்து பின்னோக்கி நடப்பதுதான் வழி. 1969-இன் சென்ட்ரல் செக்ரட்டேரியட் ஸ்டெனோகிராபர்ஸ் சர்வீஸ் விதிகளில் இப்படித் தொடங்கலாம்.

தேர்வின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கிரேடு டி-க்கு 80 சொல் வீதம் பத்து நிமிடம், மொத்தம் 800 சொல். அதை ஆங்கிலத்தில் கம்ப்யூட்டரில் எழுதித்தர 50 நிமிடம். நிமிடத்துக்கு 16 சொல்தான் ஆகிறது. கிரேடு சி-க்கு 1000 சொல், 40 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 25. லோயர் பாஸ் செய்யவே நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும். அப்படியானால் இந்தத் தேர்வு சோதிப்பது விரல் வேகத்தை அல்ல. தான் போட்ட கோட்டையும் புள்ளியையும் தானே திரும்பப் படிக்க முடிகிறதா என்பதைத்தான் சோதிக்கிறது. இன்னொரு கணக்கு: கிளார்க் பதவிக்கான ஆங்கில டைப்பிங் சோதனை நிமிடத்துக்கு 35 சொல், அறிவிப்பில் மணிக்கு 10,500 கீ டிப்ரெஷன் (விசைத் தட்டு) என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்ற டைப்ரைட்டர் காலத்து அளவை 60-ஆலும் 35-ஆலும் பெருக்கினால் வருவது அது. இயந்திரம் போய்விட்டது, அதன் அளவுகோல் விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நிறுவனங்கள் இப்படித்தான் பழையதைச் சுமக்கின்றன. இதைக் கவனிக்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

ஏணிக்கு வருவோம். விஷயம் செறிந்து கிடக்கும் இடம் இது. பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடமும் இதுவே. செக்ரட்டேரியட்டில், அதாவது மத்திய அமைச்சகங்களின் செயலகத்தில், கோப்பு பார்க்கும் அசிஸ்டெண்ட் ஒரு பக்கம், ஸ்டெனோ கிரேடு சி ஒரு பக்கம். இருவருக்கும் ஒரே சம்பளம் என்பது நெடுநாள் வழக்கம். நான்காவது பே கமிஷனுக்குப் பிறகு மாதம் ரூ.1400–2600 என்றிருந்த இவர்கள் சம்பள ஸ்கேலை, 1990 ஜூலை 31 தேதியிட்ட ஆணை 1640–2900 ஆக்கியது. 1986 ஜனவரி 1 முதலே செல்லும் என்றது. உடனே செக்ரட்டேரியட்டுக்கு வெளியே இருந்த அலுவலகங்களின் அசிஸ்டெண்டுகளும் ஸ்டெனோக்களும் ‘எங்களுக்கும் அதே வேலைதானே’ என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்தத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு டெல்லியிலேயே இருக்கிறது. அதன் தீர்ப்புகள் தொழில் ஆய்வாளருக்குப் புதையல்.

காரணம் இது. மனு போட்டவர் தன் வேலையைப் பெரிதாகச் சொல்வார், அது இயல்பு. எதிர்மனுவில் துறை என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு வேலையும் ஒன்றல்ல என்று நிரூபிக்க, யார் யாருக்கு என்ன பொறுப்பு, எந்தக் கோப்பு யார் கையைக் கடக்கிறது, யார் யோசிக்கிறார், யார் எழுதி மட்டும் தருகிறார் என்று நிறுவனம் தன் வாயாலேயே விளக்கும். வேறெந்தக் காகிதத்திலும் இவ்வளவு வெளிப்படையாக அது பேசாது. தீர்ப்பின் முடிவை விட்டுவிட்டு, இரு தரப்பு வாதத்தைச் சுருக்கும் பத்திகளை மட்டும் தனியாகப் பிரதி எடுங்கள். பத்துத் தீர்ப்புகளை இப்படிப் பிரித்து அடுக்கினாலே ஒரு தொழிலின் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது, யார் அழித்தார், யார் மறுபடி போட்டார் என்பது தெரிந்துவிடும்.

சம்பள வரலாற்றில் வழுக்கி விழும் இடம் தேதி. ஓய்வுபெற்றவர்கள் வருஷத்தைச் சொல்வதில்லை, பே கமிஷனைச் சொல்வார்கள். ‘அஞ்சாவது பே கமிஷன் வந்தப்போ’ என்றால் அறிக்கை தந்த 1997 ஜனவரியா, அமலுக்கு வந்ததாகக் கணக்கிட்ட 1996 ஜனவரி 1-ஆ, அரியர்ஸ் கைக்கு வந்த நாளா? ஆறாவதில் இடைவெளி இன்னும் அகலம்: அறிக்கை 2008 மார்ச்சில், அமல் 2006 ஜனவரி 1 முதல். ‘அரியர்ஸ் வாங்கினதுக்கு முன்னாடியா, அப்புறமா?’ என்று ஒரு துணைக்கேள்வி போட்டால் தேதி நிலைக்கு வரும். நினைவில் இருப்பது பணம் கைக்கு வந்த நாள்.

எண்ணிக்கையிலும் இதுபோல ஒரு பள்ளம் உண்டு. நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிடும் சம்பளப் படிகள் பற்றிய ஆண்டறிக்கையில், அனுமதிக்கப்பட்ட பணியிடம் வேறு, பணியில் இருப்போர் வேறு. முதல் எண்ணை எடுத்தால் தொழில் வாழ்வதாகத் தோன்றும். இரண்டாவதை எடுத்தால் சாவதாகத் தோன்றும். எது எந்த எண் என்று தலைப்பிலேயே எழுதிவையுங்கள். ஆறாவது பே கமிஷனுக்குப் பிறகு பியூன் போன்ற கடைநிலை குரூப் டி ஊழியர்கள் (ஸ்டெனோ கிரேடு டி அல்ல) குரூப் சி-க்குள் சேர்க்கப்பட்டார்கள். இதை அறியாமல் வரைபடம் போட்டால் பியூன்கள் ஒரே நாளில் மறைந்தது போலவும் கிளார்க்குகள் திடீரென்று பெருகியது போலவும் கோடு எழும். ஆள் யாரும் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது.

இந்த எந்தக் கணக்கிலும் வராதவர்கள் இன்னொரு கூட்டம். ஏஜென்சி வழியாக வரும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள். இன்று பல அறைகளில் கடிதம் அடிப்பது அவர்கள்தான். அனுமதிக்கப்பட்ட பணியிடப் பட்டியலில் அவர்களைத் தேடாதீர்கள். 2016-இல் தொடங்கிய அரசு மின்-சந்தையில், அதாவது ஜெம் தளத்தில், ஆள் அமர்த்தும் சேவைக்கான ஏல அறிவிப்புகள் கிடைக்கும். எத்தனை பேர், என்ன படிப்பு, எத்தனை மாத ஒப்பந்தம் என்று அதில் இருக்கும். ரெக்ரூட்மென்ட் ரூல்ஸ் அட்டவணையின் பக்கத்தில் ஒரு ஏல அறிவிப்பை வைத்துப் பாருங்கள். ஏணி என்ற பத்தியே அதில் இருக்காது. ஸ்டெனோ தொழிலின் உண்மையான மாற்றம் இதுதான் என்பது எங்கள் துணிபு. எழுதித் தரும் வேலை அழியவில்லை. ஏணி இல்லாத ஆளிடம் கைமாறியிருக்கிறது. இதைக் கம்ப்யூட்டரின் தலையில் கட்டுவது அநியாயம்.

ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். சிம்லாவுக்கும் டெல்லிக்கும் அரசு மாறி மாறிப் போன காலத்துக் கிளார்க்குகள் பற்றி ஹோம் டிபார்ட்மென்ட்டின் எஸ்டாப்ளிஷ்மென்ட் (ஊழியர் விவகார) கிளைக் கோப்புகளில் ஏராளமாக இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய கோப்புகளைக் கேட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு ‘என்.டி.’ என்ற இரண்டெழுத்தோடு திரும்பி வரலாம். துறையிலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்று பொருள். 1993-இன் பொது ஆவணச் சட்டம் நிரந்தர மதிப்புள்ள, 25 ஆண்டைத் தாண்டிய ஆவணங்களை ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைப்பது துறையின் கையில் இருக்கிறது. இன்னொன்று, கோப்புகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்துவார்கள். சி வகை குறிப்பிட்ட காலம் வைத்திருந்து அழிப்பதற்குரியது. ஒரு ஸ்டெனோவின் இடமாற்றம், லீவு, மேலதிகாரியோடு வந்த தகராறு எல்லாம் பெரும்பாலும் அந்த வகையில் விழுந்துவிடும். மிஞ்சுவது விதி உருவான கோப்பு மட்டும். காப்பகத்தை மட்டும் நம்பி எழுதினால் தொழில் என்பது விதிகளின் வரிசையாகவே தெரியும், மனிதர் தெரியமாட்டார். ஒரு சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்காதீர்கள். என்.டி. வரும் என்று எதிர்பார்த்து, வேறு கிளையின் கோப்பெண்களையும் முந்தின நாளே காப்பகத்தின் இணையதளமான அபிலேக் படலில் தேடிக் குறித்துக்கொண்டு போங்கள்.

என்.டி. வந்த கோப்புக்கு அடுத்த கதவு தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், விண்ணப்பம் 500 சொல்லுக்குள், பதில் 30 நாளில், பிரதி பக்கத்துக்கு 2 ரூபாய். ‘ஏன் ஸ்டெனோ பதவியைக் குறைத்தீர்கள்?’ என்று எழுதினால் பதில் வராது. காரணத்தை யோசித்துச் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. கையில் இருக்கும் காகிதத்தைக் காட்டும் கடமைதான் உண்டு. ‘இன்ன தேதியிட்ட ஆணை பிறந்த கோப்பின் நோட்டிங் பக்கங்களைப் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்று எழுதுங்கள். நோட்டிங் என்பது அதிகாரிகள் கோப்பில் எழுதும் குறிப்பு. பார்வையிடுவதற்கு முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். பிரதி கேட்பதைவிடப் பார்வையிடக் கேட்பது நல்லது. நேரில் பார்த்தால்தான் எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுதியதும் கண்ணில் படும்.

இனி ஆட்கள். நேர்காணலில் ‘உங்க வேலை எப்படி இருந்துச்சு?’ என்று கேட்பதுபோல் வீணான கேள்வி வேறில்லை. ‘நல்லா இருந்துச்சு, இப்பல்லாம் அந்த மாதிரி இல்லை’ என்று முடிந்துவிடும். ஒரே ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் எந்த பஸ், சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் எதைத் தொட்டீர்கள், ஆபீசர் மணி அடித்தது எத்தனை தடவை, நோட்டுப்புத்தகம் எத்தனை நாளில் தீரும், எத்தனை கார்பன் வைத்து அடிப்பீர்கள், தப்பு வந்தால் ஸ்டென்சிலை எப்படித் திருத்துவீர்கள். பிறகு அதே நாளை மூன்று காலத்துக்குக் கேளுங்கள்: சேர்ந்த வருஷம், அறையில் முதல் கம்ப்யூட்டர் வந்த வருஷம், ரிட்டயர் ஆன வருஷம். கால் மணிக் கட்டங்களாகப் பிரித்த ஒரு தாளில் அவரையே நிரப்பச் சொன்னால் இன்னும் தெளிவு. தலைப்பில் இருக்கும் கேள்வியை இப்போதுதான் கேட்க வேண்டும், முன்னால் அல்ல. அப்போது வரும் பதிலில் ஒரே வருஷம் இருக்காது. பழைய ஆபீசர் இருந்தவரை டிக்டேஷன் இருந்திருக்கும். தானே டைப் செய்யும் புது ஆபீசர் வந்த அன்று நின்றிருக்கும். நோட்டுப்புத்தகத்தின் இடத்தில் போன், டைரி, பார்வையாளர், மீட்டிங், பயணப்படிக்கான டி.ஏ. பில் வந்து உட்கார்ந்திருக்கும். எழுதுகிறவர் வாசல் காப்பவராகிறார். யார் உள்ளே போகலாம், எந்த ஃபைல் முதலில் மேஜைக்குப் போகும் என்பது அவர் கையில். அதிகாரம் கூடியிருக்கிறது, தேர்வில் சோதித்த திறமைக்கோ வேலையில்லை.

நீதிமன்றத்தில் நிலைமை வேறு. நீதிபதி திறந்த மன்றத்தில் ஆணையை வாயால் சொல்கிறார். அந்தச் சொல்லே ஆணை ஆகிறது, ஆகவே எடுத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அமைச்சகத்திலோ எழுதிய நோட்டிங்தான் பேச்சு, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வின் விசாரணையைச் செயற்கை நுண்ணறிவால் எழுத்தாக்கத் தொடங்கியதும் ‘ஸ்டெனோ முடிந்தார்’ என்று பேசினார்கள். அங்கே எழுத்தாக்கப்பட்டது வக்கீல்களின் வாதம். ஆணையை எடுப்பது வேறு வேலை. ஒரே பதவிப்பெயர், இரண்டு நிறுவனம், இரண்டு கதி. ஒரு தொழிலை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு எழுதக்கூடாது என்பதற்கு டெல்லியிலேயே இருக்கும் சான்று இது.

பேச்சுமொழியைப் பற்றி ஒரு சொல். ‘சார்’ என்று அழைத்தால் ஆபீஸ் பாஷையில் பதில் வரும். ‘மாமா’, ‘அண்ணாச்சி’ என்று அவர் வீட்டு வழக்கப்படி அழைத்தால் வீட்டுப் பேச்சில் வரும். இரண்டும் தேவை. ‘ஃபைல் புட்-அப் பண்ணினேன்’, ‘பாபு லோக் சொல்லுவாங்க’ என்று தமிழும் ஆங்கிலமும் இந்தியும் கலந்து வருவதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். எந்தச் சொல் எந்த மொழியில் வருகிறது என்பதே தரவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மே, ஜூனில் கூலர் சத்தம் பதிவைக் கெடுக்கும். காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள்.

ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரிலும் தமிழ்ச் சங்கத்திலும் சந்திப்பவர்கள் டெல்லியில் தங்கிவிட்டவர்கள். ஊர் திரும்பியவர், பாதியில் வேறு தேர்வு எழுதிச் சுருக்கெழுத்தை விட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்ட பெண்கள் அங்கே கிடைக்கமாட்டார்கள். சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற பழைய குவார்ட்டர்ஸ்கள் மறுகட்டுமானத்தில் இடிபட்ட பிறகு அக்கம்பக்கத்தை வைத்துத் தேடுவதும் கடினமாகிவிட்டது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளிகளின் பழைய மாணவர் வட்டம் வழியாக, பிள்ளைகளைப் பிடித்துப் பெற்றோரை அடைவதுதான் இப்போது நடக்கும் வழி. சாதியைக் கேட்காமல் நழுவாதீர்கள். ஊரில் டைப்ரைட்டிங் பீஸ் கட்ட யாரால் முடிந்தது, டெல்லியில் முதல் மாதம் யார் வீட்டில் தங்க இடம் கிடைத்தது என்று கேட்டால் பதில் தானாக வரும். 2025 ஜூனில் இடிக்கப்பட்ட ஜங்புரா மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியில் இருந்தவர்களும் டெல்லித் தமிழர்தான். அங்கிருந்து வீட்டுவேலைக்குப் போன பெண்களின் தொழிலுக்கு அரசிதழும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. அதை ஆராய வேண்டுமானால் மேலே சொன்ன காகித வழி எதுவும் உதவாது. கால் மணிக் கட்டத் தாள் ஒன்றுதான் உதவும்.

பணியில் இருப்பவர்களிடம் கோப்பு கேட்காதீர்கள். 1964-இன் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் ஆய்வுக்காக ஒருவர் மெமோ வாங்கக்கூடாது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. அமைச்சகம், பதவி, வருஷம் மூன்றையும் ஒன்றாக எழுதினால் அந்த அறையில் அன்று இருந்தது யார் என்று பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். மூன்றில் ஒன்றைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக நோட்டுப்புத்தகம். வீட்டுப் பரணில் ஒன்றிரண்டாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். பிட்மனில் கோடு மெல்லியதா தடித்ததா என்பதை வைத்தே எழுத்து மாறும், உயிரெழுத்துகளைப் பலர் விட்டுவிடுவார்கள், அடிக்கடி வரும் தொடர்களுக்கு ஒவ்வொருவரும் தானாக ஒரு சுருக்கம் வைத்திருப்பார். அதனால் வேறொரு ஸ்டெனோவிடம் கொடுத்தால்கூடப் பாதிதான் படிப்பார். எழுதியவர் இருக்கும்போதே அவரை உட்காரவைத்து, பக்கத்தை போட்டோ எடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் ‘இதை யார் சொன்னாங்க, நீங்க எங்க உட்கார்ந்து எடுத்தீங்க?’ என்று கேளுங்கள். பதிவின் ஒரு பிரதியையும் நோட்டுப்புத்தகத்தையும் அந்த வாரமே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.